ஜீன்ஸ் போட்டதால் அறை கொடுக்கவில்லை! கப்பல் இரவு விருந்துக்கு ஜீன்ஸ் சரியா?

1951 ஆம் ஆண்டு. கனடாவின் வன்கூவர் நகரம். வேட்டைக்குப் போய்த் திரும்பிய இரண்டு நண்பர்கள் ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பு மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். இருவரும் ஜீன்ஸ் உடுத்தியிருக்கிறார்கள். மேசையில் இருந்தவர் அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அறை கொடுக்க மறுக்கிறார். அறை மறுக்கப்பட்டவர்களில் ஒருவர் பிங் கிராஸ்பி. ஒஸ்கார் விருது பெற்ற நடிகர், அமெரிக்காவில் வானொலி இருந்த வீடுகளெல்லாம் அறிந்த பாடகர். மேசையில் இருந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. காற்சட்டையைத்தான் பார்த்தார்.

அவர் அதற்கு என்ன பதில் கொடுத்தார் என்பது இந்த வீடியோவின் நடுவில் வருகிறது. தயவுசெய்து அதுவரை இருங்கள், அவ்வளவு அருமையான கதை.

[காட்சி: புதுக்குடியிருப்பில் ஒரு தையற்கடை வாசல். கையில் கருநீல ஜீன்ஸ்.]

வணக்கம் உறவுகளே. வன்கூவர் கதையை நான் ஏன் புதுக்குடியிருப்பில் நின்று சொல்கிறேன்? இந்த ஆவணியில் அதே வன்கூவர் துறைமுகத்தில் இருந்து, எங்கள் ஒட்டுசுட்டான் அண்ணா ஒருவர் கப்பல் ஏறப் போகிறார். நெல் விதைக்கிறவர். சிறுபோக அறுவடை முடிந்த கையோடு பயணம். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சிக்கு 25 ஆவது திருமண நாள். அண்ணாவையும் அண்ணியையும் அழைத்து, அலாஸ்கா பக்கம் ஏழு இரவுகள் கப்பலில் போய்வர டிக்கெட் எடுத்துவிட்டார். எடுத்த பிறகு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்: "அண்ணா, இரவுச் சாப்பாட்டுக்கு ஸ்மார்ட் கேஷுவல் உடுப்பு கொண்டு வாருங்கள்."

அண்ணா கைபேசியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, இது என்ன உடுப்பு? என்னிடம் இருப்பது தங்கச்சி அனுப்பிய இந்த ஜீன்ஸ் ஒன்றுதான். இதைப் போட்டுக்கொண்டு போய் இருந்தால் அவளுக்கு மானக்கேடாகிவிடுமோ?" வவுனியாவுக்குப் போய் கோட் சூட் தைக்க அளவு கொடுப்பதற்கும் ஆயத்தமாகிவிட்டார். ஒரு போகத்து விளைச்சலில் மிஞ்சுகிற காசில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

பதிலை இப்போதே சொல்கிறேன். போடலாம். ஏறக்குறைய எல்லாப் பெரிய கப்பல்களிலும் ஸ்மார்ட் கேஷுவல் இரவுக்கு ஜீன்ஸ் போடலாம். ஆனால் எந்த ஜீன்ஸ், அதோடு என்ன சேர்ட், காலில் என்ன என்பவற்றில்தான் விடயம் இருக்கிறது.

பின்னணியை விரைவாக முடித்துவிடுவோம். அந்தக் காலத்துப் பெருங்கடல் கப்பல்களில் முதல் வகுப்புப் பயணிகள் இரவுச் சாப்பாட்டுக்குக் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தார்கள். காலம் போகப் போக அது தளர்ந்தது. 2000 ஆம் ஆண்டில் நோர்வீஜியன் என்ற கப்பல் நிறுவனம், நீங்கள் விரும்பிய நேரம் விரும்பிய இடத்தில் சாப்பிடலாம், விசேட உடுப்போடு வரவேண்டிய கட்டாய அலங்கார இரவு இல்லை என்று அறிவித்தது. மற்றவர்களும் மெல்ல மெல்ல இறங்கி வந்தார்கள். இன்று ஏழு இரவுப் பயணத்தில் பொதுவாக இரண்டு இரவுகள் அலங்காரமானவை, மீதி ஸ்மார்ட் கேஷுவல். அதற்கு என் விளக்கம் இதுதான்: வீட்டில் உடுப்பதற்கு மேலே, கலியாண மாப்பிள்ளைக்குக் கீழே.

எங்களுக்கு இது புதிதும் அல்ல. வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போகும்போது எதை உடுக்க வேண்டும் என்று யாராவது தாளில் எழுதித் தருகிறார்களா? துவைத்து மடித்து வைத்த வேட்டியைக் கை தானாக எடுக்கிறது. கப்பலில் அதை எழுதித் தருகிறார்கள், அவ்வளவுதான். அன்றைய இரவுக்கு என்ன உடுப்பு என்று நாளாந்த நிகழ்ச்சித் தாளிலோ கைபேசிச் செயலியிலோ வந்துவிடும்.

[காட்சி: ஜீன்ஸின் கால் விளிம்பு, மிக அருகில்.]

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்த ஜீன்ஸின் கால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். வெளியே கருநீலம், உள்ளே வெள்ளை. ஏன்? நெடுக்காக ஓடும் பாவு நூலுக்கு மட்டும் நீலச் சாயம் போடுகிறார்கள். குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. சரிவு வரியாக நெய்யும்போது நீல நூல் வெளிப்பக்கம் மேலோங்கி நிற்கிறது, வெள்ளை உட்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. இன்னும் அருகே வாருங்கள். இந்த நீல நூலில் ஒன்றை வெட்டி, வெட்டிய முனையைப் பாருங்கள். நூலின் நடு வெள்ளையாக இருக்கிறது! நீலச் சாயம் நூலின் உள்வரைக்கும் இறங்குவதில்லை, மேலே படிந்து நிற்கிறது. கச்சான் பருப்பின் சிவப்புத் தோலைப் போல. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் தோல் உதிர்ந்து வெள்ளைப் பருப்பு தெரியும் அல்லவா? ஜீன்ஸின் முழங்கால் வெளுப்பதும் அப்படித்தான். குனிந்து நிமிர்ந்து வேலை செய்யச் செய்ய மேல் நீலம் தேய்ந்து உள்வெள்ளை தெரிகிறது.

இந்த நீலம் எங்கிருந்து வந்தது? அவுரிச் செடியில் இருந்து. எங்கள் முன்னோருக்கு நன்றாகத் தெரிந்த செடி அது. 1897 இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவுரித் தோட்டங்கள் சரிந்தன.

துணியின் பெயர்களைக் கேளுங்கள். ஜீன் என்ற பெயர் இத்தாலியின் ஜெனோவாத் துறைமுகத்தோடும், டெனிம் என்ற பெயர் பிரான்சின் நீம் நகரத்தோடும் தொடர்புபட்டவை. டங்கரி என்று இன்னொரு பெயர் இருக்கிறது. அது மும்பையின் டோங்ரியில் இருந்து போனது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கடற்படை மாலுமிகள் கப்பலில் வேலைக்கு உடுத்தியதும் டங்கரிதான். ஆக, ஜீன்ஸ் கப்பலுக்குப் புதிய விருந்தாளி அல்ல. இயந்திர அறையில் வியர்வை சிந்திய துணி அது. மேல்தளத்துச் சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்து சேரத்தான் இவ்வளவு காலம் பிடித்தது.

[காட்சி: ஜீன்ஸ் பையின் மூலையில் உள்ள செப்புக் குமிழ்.]

இந்தச் சிறிய செப்புக் குமிழுக்கும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில், நெவாடாவின் ரீனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்றொரு தையற்காரர். விறகு வெட்டும் தன் கணவனுக்குக் கிழியாத காற்சட்டை வேண்டும் என்று ஒரு பெண் அவரிடம் வந்து கேட்டார். பை கிழிகிற மூலைகளில் செப்புக் குமிழ்களை அடித்துக் கொடுத்தார் டேவிஸ். அந்தக் காற்சட்டைக்கு ஊரெல்லாம் கேட்கத் தொடங்கியது. காப்புரிமை எடுக்கத் தனித்து முடியாததால் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸோடு கூட்டுச் சேர்ந்தார். 1873 மே 20, காப்புரிமை இலக்கம் 139,121. வன்னிக் காட்டில் விறகு வெட்டியவர்களுக்கு அந்தப் பெண்ணின் கவலை விளங்கும். பின்பைகளிலும் முன்பு இந்தக் குமிழ் இருந்தது. கதிரைகளையும் குதிரைச் சேணங்களையும் கீறுகிறது என்று ஆட்கள் முறையிட்டதால் 1937 இல் ஸ்ட்ராஸின் லீவைஸ் நிறுவனம் அதைத் துணியால் மூடித் தைத்தது. கதிரைக்காகத் தன்னை மாற்றிக்கொண்ட காற்சட்டை!

இப்போது பிங் கிராஸ்பி. ஹோட்டலில் நடந்ததைக் கேள்விப்பட்ட லீவைஸ் நிறுவனம் அவருக்கு ஒரு கோட் தைத்தது. இரவு விருந்துக் கோட், ஆனால் முழுவதும் ஜீன்ஸ் துணியில்! மார்பில் பூச்செருகும் இடத்தில் பூ இல்லை. லீவைஸின் சிவப்பு நாடாத் துண்டுகளையும் செப்புக் குமிழ்களையும் சேர்த்துச் செய்த ஒரு கொத்து. கோட்டின் உட்புறம் ஒரு பெரிய தோல் அட்டை: இதை அணிந்தவரை எந்த நேரத்திலும் எந்த நிலையிலும் அன்போடு வரவேற்க வேண்டும் என்று ஹோட்டல்காரர்களுக்கு ஓர் அறிவித்தல். நெவாடாவின் எல்கோ நகரில் ஊர் கூடி அதை அவருக்குப் பரிசளித்தார்கள். கிராஸ்பி கோபத்தில் கத்தவில்லை, வழக்குப் போடவில்லை. கோட்டைப் போட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். இந்தப் பதிலை நான் எத்தனை முறை நினைத்தாலும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

சரி, அண்ணாவின் ஜீன்ஸுக்கு வருவோம். கப்பலில் ஜீன்ஸ் ஒரு கேள்வியாவது வெள்ளை விரிப்பு விரித்து, பரிமாற ஆள் நிற்கிற பெரிய சாப்பாட்டு மண்டபத்திலும் தனிக் காசு கட்டிச் சாப்பிடுகிற சில உணவகங்களிலும் மட்டும்தான். தானே எடுத்துச் சாப்பிடும் பஃபேக்கு எந்த ஜீன்ஸும் சரி. மண்டபத்தில் எதை மறுக்கிறார்கள்? அலாஸ்காவுக்கு அதிகம் போகிற ஹொலண்ட் அமெரிக்கா, பிரின்சஸ் என்ற இரண்டு கப்பல் நிறுவனங்களும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: கிழித்த ஜீன்ஸ், அரைக் காற்சட்டை, குளிக்கிற உடுப்பு வேண்டாம். கருநீலம் அல்லது கறுப்பு, ஓட்டை இல்லாதது, முழங்கால் வெளுக்காதது என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சில ஆடம்பரச் சிறு கப்பல்கள் மாலைக்குப் பிறகு இன்னும் கண்டிப்பானவை. ஆகவே உங்கள் கப்பலின் விதியை நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஒரு முறை வாசித்துவிடுங்கள்.

கிழித்த ஜீன்ஸ் இளையவர்களின் நாகரிகம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. காரணம் பரிமாறுகிறவர்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று பல நாடுகளில் இருந்து, மாதக்கணக்காகப் பிள்ளைகளைப் பிரிந்து வந்தவர்கள். மடிப்புக் கலையாத சீருடையில் நின்று உங்கள் தட்டை வைக்கிறார்கள். வெளிநாட்டு உழைப்பு என்றால் என்ன என்று எங்கள் வீடுகளுக்குத் தெரியும். அவர்களுக்கு முன்னால் நாமும் வடிவாக உடுத்தி இருப்பதுதான் முறை.

சேர்ட் கழுத்துப்பட்டை உள்ளதாக இருக்கட்டும். வெள்ளையோ வெளிர்நீலமோ போதும். ரீசேர்ட்டைப் பகலுக்கு வையுங்கள். காலில் சப்பாத்து. பாட்டாச் செருப்போடு மண்டபத்துக்குப் போக வேண்டாம். தொப்பியை அறையிலேயே விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கையை மறக்காதீர்கள். கச்சான் தோல் நினைவிருக்கிறதா? புது ஜீன்ஸின் நீலம் உரசினால் ஒட்டும். வெளிர் நிறக் கதிரையில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு எழும்பினால் நீலத் தடம் இருக்கும். பயணத்துக்கு முன்பே உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், தனியாக இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். நீலம் ஏறாவிட்டால் கப்பலுக்கு ஆயத்தம். எங்கள் செம்மண் புழுதி விளிம்பில் இருந்தால் ஈரமாகத் தேய்க்காமல், காய்ந்தபின் தூரிகையால் தட்டுங்கள்.

ஜீன்ஸின் பக்கம் நின்று இன்னொன்றும் சொல்வேன். தீ அச்சத்தால் பெரும்பாலான கப்பல்களில் அறைக்குள் துணி தேய்க்கும் மினுக்கி கொண்டுபோக விடுவதில்லை, கண்டால் எடுத்து வைத்துவிடுவார்கள். பெட்டியில் கசங்கிய துணிக் காற்சட்டையை என்ன செய்வீர்கள்? ஜீன்ஸுக்கு அந்தக் கவலை இல்லை. அலாஸ்காவின் மாலைக் குளிருக்கும் அது நல்ல துணை.

அந்த இரண்டு அலங்கார இரவுகளுக்கு? அன்றைக்கு மண்டபத்தில் ஜீன்ஸ் வேண்டாம் என்பது என் முடிவு. கோட் சூட்டும் வேண்டாம். பல கப்பல்கள் தேசிய உடையை அலங்கார உடுப்பாக ஏற்றுக்கொள்கின்றன. அண்ணாவிடம் கலியாணத்துக்கு உடுத்த பட்டு வேட்டி இருக்கிறது, வெள்ளைச் சட்டை இருக்கிறது. கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவில் கரை வைத்த வேட்டியோடு அவர் நடந்து வருவதை நினைத்துப் பாருங்கள்! அண்ணிக்கு எந்த இரவும் சேலை போதும். மேல்தளக் காற்றுக்கு முந்தானையில் இரண்டு ஊசி கூடுதலாகக் குத்தினால் சரி.

கப்பல் பயணம் நமக்கு எட்டாத ஒன்று என்று நினைக்காதீர்கள். 2023 ஜூனில் சென்னையில் இருந்து புறப்பட்ட எம்பிரஸ் கப்பல் காங்கேசன்துறைக்கே வந்து போனது. உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வரலாம். இந்த வீடியோவை வெளிநாட்டில் இருக்கும் உங்கள் தங்கச்சி, தம்பிக்கு அனுப்புங்கள். ஊரில் இருந்து ஆட்களை அழைக்கும்போது உடுப்பைப் பற்றி இரண்டு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கப்பலில் போயிருந்தால் என்ன உடுத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் வாசிப்பேன்.

[காட்சி: தையற்கடை உள்ளே. அண்ணா கண்ணாடிக்கு முன்னால். தையற்காரர் முழந்தாளிட்டு இருக்கிறார்.]

ஜீன்ஸ் இரண்டு அங்குலம் நீளம். பழைய விளிம்பை வெட்டி எறியாமல், அதையே மேலே ஏற்றித் தைத்துத் தரலாம் என்கிறார் தையற்காரர். அப்போதுதான் விளிம்பின் தடித்த தையல் அப்படியே இருக்கும். ஊசியைக் குத்தப் போனவர் நிமிர்ந்து அண்ணாவின் காலைப் பார்க்கிறார்.

"பாட்டாவோடு அளவெடுக்க முடியாது, அண்ணா. கப்பலுக்குப் போடுகிற சப்பாத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள்."

அண்ணா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒட்டுசுட்டானுக்குப் போயிருக்கிறார்.