நீர் இறங்கும் வழியில் கோத்தகிரி

(கோபிசெட்டிபாளையத்தில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மலையில் எனக்குப் பிடித்த இடங்களைப் பற்றிப் பேசுமாறு அழைப்பில் கேட்டிருந்தீர்கள். நீலகிரி என்றதும் உதகை ஏரியும் தாவரவியல் பூங்காவும் தொட்டபெட்டாவும்தான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். நான் பேச வந்திருப்பது அதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தைப் பற்றி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால் வந்து சேரும் கோத்தகிரியைப் பற்றி. அங்கே என் மனத்துக்கு நெருக்கமான இடங்கள் எவை என்று எண்ணிப் பார்த்தால், அவை ஒவ்வொன்றும் நீர் பிறக்கும் இடமாகவோ, நீர் விழும் இடமாகவோ, நீர் போய்ச் சேரும் திசையைக் காட்டும் இடமாகவோ இருக்கின்றன. கொடிவேரியில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனத்தில் நெல் விளையும் ஊரில் நின்றுகொண்டு மலையைப் பற்றிப் பேசும்போது, அந்த நீரின் வழியே இறங்கி வருவதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது.

கோத்தகிரியின் பருவத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் அதைச் சார்ந்த மேடுகளும் மேற்கே சுவர்போல் நிற்பதால், கூடலூர்ப் பக்கம் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழையில் ஒரு பங்குதான் இந்தப் பக்கம் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழைதான் இங்குள்ள ஓடைகளை நிரப்புகிறது. ஆகவே கோடை விடுமுறைக் கூட்டத்தோடு கூட்டமாக ஏறுவதைவிட, மழை ஓய்ந்து வானம் வெளுத்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் ஏறுவது நல்லது என்பேன். குளிர் கடுமையாகத்தான் இருக்கும். ஆனால் மலை கழுவி விட்டதுபோல் தெளிந்து நிற்கும். பேரகணியில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்காகப் படக மக்கள் வெள்ளாடை உடுத்தி ஊர் ஊராகத் திரண்டு வருவதையும் அந்த நாள்களில் பார்க்கலாம்.

நீர் பிறக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. பரப்பளவு 116 ஹெக்டேர். காடு என்று சொல்வதற்கே சிறியது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் வீடுகளும் சாலைகளும் நெருங்கிவிட்ட நிலையில் அது ஒன்றுதான் பழைய மலையின் முகத்தோடு மிஞ்சி நிற்கிறது. வெயில் அடிக்கும் தேயிலைச் சரிவிலிருந்து அதற்குள் கால் வைத்ததும் வெளிச்சமும் வெப்பமும் ஒருசேரக் குறைவதை உடம்பே சொல்லிவிடும். சோலை மரங்கள் வானளாவ வளர்பவை அல்ல. காற்றுக்கும் குளிருக்கும் ஈடுகொடுத்துக் குட்டையாக, முறுக்கேறிய கிளைகளோடு, தலைகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பந்தலிட்டு நிற்கும். காட்டுச் செண்பகமும் நாவல் இன மரங்களும் அடிமுதல் நுனிவரை பாசியும் பெரணியும் போர்த்தியிருக்கும். தளிர் விடும் காலத்தில் அந்தப் பந்தல் முழுவதும் செம்பு நிறமாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும்; பூக்காத மரங்கள் பூத்ததுபோல் தோன்றும் அந்தச் சில வாரங்களைப் பார்த்தவர்களுக்குப் பூங்காக்களின் மலர்க்காட்சி பெரிதாகப் படாது. நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவையைத் தேடி எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். அது இந்த மலைத்தொடரின் உச்சிப் பகுதிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

அங்கே போகிறவர்கள் நிமிர்ந்து பறவையைப் பார்ப்பதோடு, குனிந்து ஒரு கைப்பிடி மண்ணையும் எடுத்துப் பார்க்க வேண்டும். மேலே போன ஆண்டின் இலை உருக்குலையாமல் கிடக்கும். அதை விலக்கினால் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை. அதற்கும் கீழே இலையா மண்ணா என்று பிரித்தறிய முடியாத கரிய மக்கு. மழை பெய்து பல நாள் ஆன பிறகும் அதைக் கையில் வைத்து அழுத்தினால் விரலிடுக்கில் ஈரம் கசியும். மரங்களில் தங்கும் மூடுபனியும் சொட்டுச் சொட்டாக அதற்குள்தான் இறங்குகிறது. பெய்த நீரை உடனே ஓடவிடாமல் பிடித்துவைத்து, மாசி, பங்குனியிலும் ஓடை வற்றாமல் சிறுகச் சிறுக விடுவது இந்தக் கரிய மக்கும் அதைப் பின்னிப் பிடித்திருக்கும் வேர்களும்தான். கீழே உள்ள ஊர்களுக்குக் குடிநீர் இப்படித்தான் கிடைக்கிறது. 2024-இல் இந்தச் சோலை ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான பட்டியல் அது. ஏரியும் இல்லை, சதுப்பும் இல்லை, ஒரு காடு எப்படி அதில் இடம்பெற்றது என்று கேட்பவர்களுக்கு அந்தக் கைப்பிடி மண்ணைத்தான் காட்டுவேன்.

மலை முழுவதும் ஒரு காலத்தில் காடாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. சரிவுகளில் புல்வெளி, பள்ளங்களில் சோலை, சோலைக்குக் கீழே ஈரப்பள்ளம் என்பதே நீலகிரி உச்சியின் இயல்பான அமைப்பு. 1819-இல் கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் இங்கே ஏறி வந்து கோத்தகிரிக்கு அருகில் தங்கியபோது அவர் கண்டது அந்த மலையைத்தான். கன்னேரிமுக்கில் அவருடைய கட்டடம் இன்று காட்சியகமாகப் பேணப்படுகிறது. அவருக்கு முன்பே நெடுங்காலமாகத் தோடரும் கோத்தரும் படகரும் இருளரும் குறும்பரும் தத்தம் நிலங்களில் வாழ்ந்து வந்தார்கள். பின்னர் புல்வெளிகளில் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நடப்பட்டன, சரிவுகள் தேயிலைக்குப் போயின, ஈரப்பள்ளங்கள் கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கோசுக்கும் வாய்க்கால் வெட்டி வடிக்கப்பட்டன. தேயிலைச் சரிவு அழகில்லை என்று நான் சொல்லவில்லை. காலை வெயிலில் கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக ஏறும் அந்தப் பச்சையை விரும்பாதவர் யார்? பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் பயிர் அது. ஆனால் பச்சையாக இருப்பதெல்லாம் ஒரே அளவு நீரைப் பிடித்துவைப்பதில்லை என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

நீர் விழும் இடம் அடுத்தது. மேட்டுப்பாளையம் சாலையில் அரவேணு அருகே கேத்தரின் அருவி இருக்கிறது. கோத்தகிரியில் காப்பித் தோட்டம் தொடங்கிய காக்பர்ன் என்பவரின் மனைவி பெயரால் அழைக்கப்படும் இந்த அருவி, ஏறத்தாழ 250 அடி உயரத்திலிருந்து இரண்டு படிகளாக விழுகிறது. இதன் முழு உருவமும் தெரிவது குன்னூர்ப் பக்கத்து டால்பின் நோஸ் முனையிலிருந்துதான். பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் வெள்ளைக் கோடாகத் தெரியும். அருவியின் தலைப்பகுதிப் பாறைகளில் இறங்கிக் குளிக்க முயல்வது ஆபத்து என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். தொலைவில் நின்று பார்ப்பதற்கென்றே அமைந்த அருவி அது.

இனி, நான் பெரிதும் நேசிக்கும் கோடநாடு காட்சிமுனைக்கு வருகிறேன். கோத்தகிரியிலிருந்து தேயிலைத் தோட்டங்களின் ஊடாகச் செல்லும் சாலை, நீலகிரி மலை முடிந்துபோகும் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கிருந்து நிலம் ஆயிரம் மீட்டருக்கும் மேல் சரிகிறது. அடியில் மோயாறு வளைந்து வளைந்து ஓடுகிறது. பைக்காராவின் நீரைச் சுமந்து, முதுமலையைத் தொட்டு, சீகூர்ப் பீடபூமியின் விளிம்பில் ஆழமாக அறுத்துக்கொண்டு அது கிழக்கே வருகிறது. எதிரே வடக்கில் சத்தியமங்கலம், தலமலைக் காடுகள். கிழக்கே பார்த்தால், வானம் தெளிந்த நாளில், பவானிசாகர் நீர்த்தேக்கம் தகடுபோல் மின்னும். விடியற்காலையில் போனால் இவை எதுவும் தெரியாமல் பள்ளத்தாக்கு முழுவதும் மேகம் தளும்பிக் கிடக்கும்; வெயில் ஏற ஏற அது விலகி, முதலில் எதிர்மலையின் முகடும், பிறகு காடும், கடைசியாக ஆறும் வெளிப்படும். பொறுமையில்லாமல் பத்து நிமிடத்தில் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு அந்த ஆறு தெரிவதே இல்லை.

அந்தக் காட்டின் நடுவே சதுரம் சதுரமாக வயல்கள் தெரியும். அதுதான் தெங்குமரஹாடா. ஆட்சி எல்லைப்படி அது கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த ஊர். ஆனால் பேருந்தில் போக வேண்டுமானால் மலையிலிருந்து இறங்கிப் பவானிசாகர் வழியாகக் காட்டுப்பாதையில் சென்று, மோயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்தால் அவ்வூர் மக்களின் மருத்துவமும் படிப்பும் அக்கரையிலேயே நின்றுவிடும். அவர்களை வேறிடத்தில் குடியமர்த்தும் பேச்சு அண்மை ஆண்டுகளில் நடந்து வருகிறது. மேலிருந்து பார்க்கும் நமக்கு அழகிய பச்சைக் கட்டமாகத் தெரிவது, அங்கே வாழ்கிறவர்களுக்கு ஆற்றோடும் யானையோடும் நடத்தும் அன்றாட வாழ்க்கை. அதே பள்ளத்தாக்கில்தான், நாட்டின் பிற பகுதிகளில் பெரும்பாலும் அழிந்துபோன வெண்முதுகுப் பாறு கழுகுகள், ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. காட்சிமுனையில் நிற்கும்போது உங்கள் காலுக்குக் கீழே, ஆம், கீழேதான், சிறகசைக்காமல் வட்டமிடும் பெரிய பறவை ஏதேனும் தெரிந்தால் கொஞ்சம் நின்று உற்றுப் பாருங்கள்.

காட்சிமுனையிலிருந்து தெரியும் மற்றொன்று ரங்கசாமித் தூண். மலைச்சரிவிலிருந்து தனியே பிரிந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறை அது. அருகே, உச்சியில் கோயில் கொண்ட ரங்கசாமி மலை. இருளர்கள் பூசை செய்யும் அந்த மலைக்குச் சமவெளியிலிருந்தும் மக்கள் நடந்து ஏறுகிறார்கள். சுற்றுலா என்ற ஏற்பாடெல்லாம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, நம் பக்கத்து மக்களுக்கு இந்த மலையோடு உறவு இருந்ததற்கு அந்த நடைபாதையே சான்று.

மலையைக் கெடுத்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2009 நவம்பரில் கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டம் முழுவதும் நிலச்சரிவுகள் ஏற்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அத்தகைய மழை எந்த மலையையும் அசைக்கும் என்பது உண்மைதான். ஆனால் சரிவைச் செங்குத்தாக வெட்டியதும், ஓடை போகும் வழியை மறித்துக் கட்டடம் எழுப்பியதும் சேதத்தைப் பெருக்கின. காட்சி நன்றாகத் தெரியும் இடத்தில் விடுதி கட்ட வேண்டும் என்று நாம் ஆசைப்படும்போதெல்லாம் வெட்டப்படுவது அந்தச் சரிவுதான். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற்றே வரவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதைப் பலர் தொல்லையாகக் கருதுகிறார்கள். கோடையில் கோத்தகிரிச் சாலையில் வண்டிகள் ஊர்வதைக் கண்டவன் என்ற முறையில் நான் அதை மனமார வரவேற்கிறேன்.

பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கீழ்பவானி வாய்க்கால் 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. அந்த அணைக்கு வரும் இரண்டு ஆறுகளில் மோயாறு ஒன்று. இந்த ஊர்ப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் சிலர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் ஒரு வேண்டுகோளை அவர்களிடமே வைக்கிறேன். ஆண்டுதோறும் பிள்ளைகளை உதகைக்கு அழைத்துச் செல்லும் அதே செலவில், அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் இரண்டு நாள் கோத்தகிரிக்கு அழைத்துச் செல்லுங்கள். முதல் நாள் வனத்துறையின் அனுமதி பெற்று லாங்வுட் சோலையில் நடக்கட்டும். மறுநாள் காலை மேகம் விலகும்வரை கோடநாட்டில் காத்திருக்கட்டும். திரும்பும் வழியில் பவானிசாகரில் இறங்கி, மேலிருந்து பார்த்த அதே நீரைக் கரையில் நின்று பார்க்கட்டும். எந்தப் பள்ளி முன்வந்தாலும் உடன் வந்து வழிகாட்ட நான் அணியமாக இருக்கிறேன். தேதியைக் கூட்டம் முடிந்ததும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.