பதறாத காரியம் சிதறாது

(ஹட்டனில் நடந்த மாணவர் பாராட்டு விழாவில் ஆற்றிய உரை)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இந்த மழையிலும் நுவரெலியாவிலிருந்து வந்து எங்களைப் பெருமைப்படுத்தியிருக்கும் கல்விப் பணிப்பாளர் அவர்களே, நாற்காலி அடுக்கியது முதல் எல்லாவற்றையும் கூட நின்று செய்த அதிபர் அவர்களே, பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த ஆலய அறங்காவலர் சபைப் பெரியோர்களே, தேநீருக்கும் வடைக்கும் பொறுப்பேற்ற நகரத்து வர்த்தகப் பெருமக்களே, கிழமைக்கு ஒருநாள் கிடைக்கிற ஓய்வையும் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கும் தாய்மார்களே, பரிசு பெற்ற தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். பணிப்பாளர் அவர்கள் ஆய்வுகூடங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்கள். அதற்குத் தனியாக நன்றி சொல்கிறேன். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

போன மாதக் கருத்தரங்கில் ஒரு தங்கை எழுந்து, "சேர், எம்ஐடி நல்லதா, கல்டெக் நல்லதா? ரெண்டுக்கும் போடலாமா?" என்று கேட்டாள். இரண்டும் அமெரிக்காவில் இருக்கிற பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள். தோட்டத்துப் பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்கும் நாள் வந்துவிட்டதே என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகவே மூன்று விடயம் பேசப்போகிறேன். எதைத் தெரிவுசெய்வது, முன்கூட்டியே விண்ணப்பம் போட்டவர்களுக்கு டிசம்பரில் வருகிற முடிவை எப்படித் தாங்குவது, பெற்றோர் என்ன செய்ய வேண்டும்.

என் தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையில், அதாவது ஸ்டோரில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தவர். இலை பதமாக வாடுவதற்குள் ரோலரில் போட்டால் தூள் கெட்டுப்போகும். "பதறாத காரியம் சிதறாது" என்பார். நான் எந்த மேடை ஏறினாலும் அதைச் சொல்லாமல் இறங்குவதில்லை.

எம்ஐடி 1861இல் தொடங்கியது. மசசூசெட்ஸ் மாநிலத்தில், சார்ள்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. இளநிலை மாணவர் ஏறக்குறைய 4,500 பேர். கல்டெக், கலிபோர்னியாவில் பசடீனா என்ற ஊரில் 1891இல் ஒரு சிறு தொழிற்கல்விக் கூடமாகத் தொடங்கி, 1920இல்தான் இன்றைய பெயரைப் பெற்றது. அங்கே இளநிலையில் ஆயிரம் பேர் அளவில்தான் படிக்கிறார்கள். நம் பக்கத்தில் ஒரு நடுத்தரப் பாடசாலையின் பிள்ளைத் தொகை அவ்வளவுதான்! பரீட்சைத் தாளை அறைக்கே கொண்டுபோய், காவலுக்கு ஆள் இல்லாமல், குறித்த நேரத்துக்குள் தானே எழுதிக் கொடுக்கிற வழக்கம் கல்டெக்கில் உண்டு. பிள்ளையின் வாக்கை நம்புகிறார்கள். பௌதிகவியலிலும் கணிதத்திலும் முழுசாக மூழ்க நினைக்கிற பிள்ளைக்கு அந்தச் சின்ன இடம் பொருந்தும். பொறியியலா, கணினியா, பொருளியலா என்று மனம் இன்னும் அலைகிற பிள்ளைக்கு எம்ஐடியில் வாசல்கள் அதிகம். ஈர்ப்பு அலைகளை 2015 செப்டெம்பர் 14இல் முதன்முதலாகப் பிடித்த லைகோ கருவி, இந்த இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து அமைத்தது. 2017இல் அதற்கு நோபல் பரிசு வந்தபோது எம்ஐடியின் ரெய்னர் வைஸும் கல்டெக்கின் பாரி பாரிஷும் கிப் தோர்னும் பகிர்ந்துகொண்டார்கள். எதில் இடம் கிடைத்தாலும் பிள்ளை கெட்டுப்போகாது.

இரண்டுக்கும் போடலாமா என்றால், போடலாம். ஆனால் நவம்பர் முதலாம் திகதிக்குள் போடுகிற முன்கூட்டிய விண்ணப்பத்தை இரண்டுக்கும் போட முடியாது. அப்படிப் போடுகிறவர்களுக்குக் கல்டெக் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. மற்றதற்கு ஜனவரியில் போட வேண்டும். முன்கூட்டி இடம் கிடைத்தாலும் உடனே சரி சொல்ல வேண்டியதில்லை, மே முதலாம் திகதி வரை யோசிக்கலாம். பதறாத காரியம் சிதறாது என்று அவர்களும் அறிந்துதான் வைத்திருக்கிறார்கள். குடும்பத்தில் பணம் இல்லை என்பதற்காக எந்த நாட்டுப் பிள்ளையையும் தள்ளுவதில்லை என்பது எம்ஐடியின் கொள்கை. தாய்மார்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி அந்த டிசம்பர் இரவைச் சொல்கிறேன். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். என்னிடம் இணைந்த கணிதம் படித்த தம்பி ஒருவன் எம்ஐடிக்கு முன்கூட்டியே போட்டிருந்தான். முடிவு நம் நேரத்துக்கு இரவு பதினொரு மணியளவில். லயத்து வீட்டில் சிக்னல் கிடையாது, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு ஏறினால்தான் வரும். தகப்பன் டோர்ச் பிடிக்க, தாய் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்னால் வர, தங்கச்சியும் விழித்துக்கொண்டு "நானும் வாறேன்" என்று அழ, அவளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பனி மூடி எதிரில் இருக்கிற ஆள் தெரியவில்லை. மடுவத்துத் தராசுக்குப் பக்கத்தில் நின்று பையன் போனைத் திறந்தான். அந்தச் சின்ன வெளிச்சத்தில் அவன் முகம் மட்டும் தெரிந்தது. படித்தான். மறுபடி படித்தான்.

"பாஸா பெயிலா தம்பி?" என்றார் தகப்பன்.

"ரெண்டும் இல்லப்பா. தள்ளி வச்சிருக்காங்க. மார்ச்சுல திரும்பப் பாப்பாங்களாம்."

தகப்பனுக்கு விளங்கவில்லை. காசு கேட்கிறார்களா என்றார். பையன் தராசுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அப்போது அந்தத் தாய் சொன்னார்: "அரும்பு இன்னும் விரியலைன்னா நாங்க அடுத்த ரவுண்டுக்கு விட்டுட்டுப் போறதில்லையா? அது மாதிரிதான். செடியையே கவ்வாத்து வெட்டலையே, ஏன் அழுவுற?"

நான் முப்பது வருடம் படிப்பித்தவன். அந்த ஒத்திவைப்பை இதைவிடத் தெளிவாக எனக்கு விளக்கத் தெரியாது.

ஆனாலும் பையன் ஒன்பது நாள் புத்தகத்தைத் தொடவில்லை, உயர்தரப் பரீட்சை நெருங்கியிருந்தது. பத்தாம் நாள் நான் போய்ப் பழைய வினாத்தாளில் ஒரே ஒரு கணக்கை அவனோடு உட்கார்ந்து போட்டேன். அவ்வளவுதான் செய்தேன். மார்ச் 14, அதாவது 3.14, கணிதத்தில் வருகிற பை (π) என்ற எண்ணின் நாள். பையின் இருமடங்கு 6.28 என்பதால் அன்று மாலை 6:28க்கு முடிவை வெளியிடுவது எம்ஐடியில் பல ஆண்டு நடந்திருக்கிறது. நமக்கு அது மறுநாள் விடியற்காலை 3:58. இந்த முறை இல்லை என்றே வந்தது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்குப் போக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த தாயிடம் போய்ச் சொன்னான். "சரி, கவ்வாத்து வெட்டிட்டாங்க. அதுக்குப் பொறவுதானே நல்லாத் துளிர்க்கும்" என்று ஒரு வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாராம். இன்று அவன் பேராதனைப் பொறியியல் பீடத்தில் இரண்டாம் வருடம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு ஐஐடியிலும் இடமில்லை, வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் இடமில்லை. பரோடாவில் படித்தார், 2009இல் நோபல் பரிசு வாங்கினார்.

அந்தப் பையன் நுண்ணிய நீளம் அளக்கிற வேணியர் இடுக்கிமானியை முதன்முதலாகக் கையில் தொட்டது எங்கே தெரியுமா? பேராதனையில். அதுவரை கரும்பலகையில் வரைந்த படத்தில்தான் வாசிப்பு எடுத்தான். நானும் என் காலத்தில் அப்படித்தான் படித்தேன். இத்தனை வருடத்தில் இது மாறவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

1948 ஜூனில் பலோமார் மலையில் கல்டெக் 200 அங்குலத் தொலைநோக்கியைத் திறந்துவைத்தது. அதே வருடம் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. அதுவும் மலை, இதுவும் மலை. குடியுரிமையை 2003 வரை போராடி வாங்கினோம். ஆய்வுகூடத்துக்கு இன்னும் போராடவே தொடங்கவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. பஸ் ஏறிப் போகிற தூரத்தில் தமிழ்மொழியில் கணிதப் பிரிவே இல்லாத பிள்ளைக்கு இந்தக் கோட்டா எதற்கு? எம்ஐடி தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தருவதாக 2001இல் அறிவித்தது, இன்றும் தருகிறது. அதைப் பார்க்கவும் நமக்குக் கொழுந்து மடுவத்துக்கு ஏற வேண்டியிருக்கிறது.

பெற்றோருக்கென்று வைத்திருந்த மூன்றாவது விடயத்துக்கு நேரமில்லை, தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். பதறாத காரியம் சிதறாது என்று பிள்ளைகளுக்குத்தான் சொன்னேன். ஆய்வுகூட விடயத்தில் நாம் பொறுத்தது போதும். பணிப்பாளர் அவர்கள் மனு தந்தால் மேலே கொண்டுபோவதாக வாக்களித்திருக்கிறார்கள். வாசலில் வலது பக்க மேசையில் ஒரு நீலக் கொப்பி இருக்கிறது. உங்கள் தோட்டத்தின் பெயர், டிவிசன், சாதாரண தரம் முடித்துக் கணிதமோ விஞ்ஞானமோ படிக்க விரும்புகிற பிள்ளைகள் எத்தனை பேர், அந்தப் பிரிவுள்ள பாடசாலைக்கு எத்தனை கிலோமீற்றர் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்மாமார் வாயால் சொன்னால் போதும், நம் தங்கைகள் எழுதிக்கொள்வார்கள். தேநீர் குடிக்கப் போகும்முன் எழுதிவிட்டுப் போங்கள்.