ஒன்பது ஹோல் மலைக் கோல்ஃப் கோர்ஸ்: புல்லப் படிச்சா பாதி ஆட்டம் கையில

வணக்கம் நண்பர்களே. மண்டாய் எக்ஸிகியூட்டிவ் கோல்ஃப் கோர்ஸ் 2024 கடைசியோட மூடியாச்சு. அதே வருஷம் ஜூன்ல மரினா பே கோர்ஸும் போச்சு. காசு கட்டிட்டு யார் வேணும்னாலும் போய் ஆடலாம்ங்குற இடம் நம்ம சிங்கப்பூர்ல குறைஞ்சுக்கிட்டே வருது. அதனால காஸ்வே தாண்டி மலேசியாவுக்குப் போகத் தயாரா இருக்கவங்களுக்கு இன்னைக்கு ஒரு விஷயம். மலை மேல, காட்டோரமா, பகி (வண்டி) கிடையாது, கேடி (பை தூக்குற ஆள்) கிடையாது, ஒன்பதே ஹோல், அதாவது தொடங்குற இடத்துலேர்ந்து குழி வரைக்கும் ஒன்பது ஆட்டப் பாதை. பஹாங்ல ஃப்ரேசர் மலையில இருக்கே, அந்த மாதிரி. கோலாலம்பூர்லேர்ந்து சுமார் 100 கிலோமீட்டர், உயரம் 1,200 மீட்டருக்கு மேல. பழைய ஈயச் சுரங்கம் இருந்த இடத்துல போட்ட கோர்ஸ் அது. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் அடிச்சு திறந்திருக்கான்னு கேட்டுக்கோங்க. பெருமழைக்கு அப்புறம் மூடி வச்சிருக்கலாம்.

வழக்கமா பதினெட்டு இருக்கும், அதனால ஒன்பது ஹோல்னா அரைகுறை கோர்ஸ்னு ஒரு எண்ணம் இருக்கு. அது தப்பு. ஸ்காட்லாந்துல மஸல்பரோ பழைய லிங்க்ஸ் ஒன்பது ஹோல்தான். 1874லேர்ந்து 1889 வரைக்கும் ஓப்பன் சாம்பியன்ஷிப் அங்க ஆறு தடவ நடந்திருக்கு. இன்னைக்கு உலகம் பூரா பந்து விழுற குழியோட அகலம் 108 மில்லிமீட்டர், அதாவது நாலேகால் இஞ்ச். அந்த அளவும் 1829ல மஸல்பரோவுல வாங்கின குழி வெட்டுற கருவியோட அளவுதான். பின்னாடி அதையே எல்லாருக்கும் விதியாக்கிட்டாங்க.

சரி, இப்ப நான் நிக்கிறது ஒரு புளோக்குக்குக் கீழ, சாதாரணப் புல்தரை. கேமராவ நல்லா கீழ இறக்குறேன், பாருங்க. இலை அகலமா, தரையோட படுத்து வளருதுல்ல? இதான் கௌ கிராஸ். பழைய மலேசியா கோர்ஸ்கள்ல ரஃப்ல (ஓரத்துல நீளமா விட்ட புல்லுல) இது நிறையவே இருக்கும், சில இடத்துல ஃபேர்வேயே (நடுவுல வெட்டின பாதையே) இதான். பந்த கையால சும்மா வைக்கிறேன். மேல உக்காருதா? இல்ல, இலைக்கு நடுவுல இறங்கிடுது, பாதி பந்துதான் வெளிய தெரியுது. இப்படிக் கிடக்குற பந்த ஃபேர்வே வுட்டால, அதாவது தூரத்துக்கு அடிக்கிற கிளப்பால அடிச்சா, கிளப் முகத்துக்கும் பந்துக்கும் நடுவுல ஈரப்புல் மாட்டும். ஸ்பின் பிடிக்காது. பந்து தாழப் பறந்து, விழுந்த இடத்துல நிக்காம ஓடும். ஹைப்ரிட் இல்லாட்டி ஏழாம் நம்பர் அயர்ன் எடுங்க. பந்த ஒரு பந்து அளவு வலது காலுக்குப் பக்கமா வச்சு, மேலேர்ந்து கீழ இறங்குற மாதிரி அடிங்க. இடது கைக்காரங்க மாத்திக்கோங்க.

இந்த மாதிரி கோர்ஸோட அழகு எங்க இருக்குன்னா, நிலம் எப்படிக் கிடந்துச்சோ அப்படியே விட்டிருப்பாங்க. குழி இருக்குற புல்தரை, அதாவது கிரீனையே எடுத்துக்கோங்க. புது கோர்ஸ்ல கிரீனுக்கு அடியில 10 சென்டிமீட்டர் சரளை, அதுக்கு மேல 30 சென்டிமீட்டர் மணல் கலவைன்னு கட்டுவாங்க. மழை பெஞ்சா தண்ணி சர்ருன்னு இறங்கிடும். பழைய கிரீன்ல அந்த வேலையெல்லாம் கிடையாது. சுத்தியிருக்குற மண்ணையே குவிச்சு மேடாக்கி புல் போட்டிருப்பாங்க. தண்ணி உள்ள இறங்காம மேலேயே வடியணும், அதுக்காகப் பெரும்பாலும் பின்பக்கம் உயரமா, முன்பக்கம் சரிவா இருக்கும். இது தெரிஞ்சா எங்க அடிக்கணும்னு தெரிஞ்சிடும். குழியில நட்ட கொடிக்கு முன்னாடியே விழட்டும். கிரீன் தாண்டிப் போச்சுன்னா திரும்பி வர்ற சிப் (சின்ன அடி) இறக்கத்துல வரணும், பின்னாடியோ காடு.

புல்லையும் குட்டையா வெட்ட மாட்டாங்க. போட்டி நடக்குற கோர்ஸ்ல 3 மில்லிமீட்டர்ன்னா, இங்க ரெண்டு மடங்கு கூட இருக்கலாம். அதனால பந்து மெதுவா போகும். பட்டிங்ல (கிரீன்ல பந்த உருட்டி அடிக்கிறதுல) பலமா தட்டணும், பின்னாடி இழுக்குற தூரத்தக் கூட்டுங்க, கைய மட்டும் வெடுக்குன்னு சொடுக்காதீங்க. இன்னொன்னு, புல் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாக்கணும். குழியோட விளிம்பக் குனிஞ்சு பாருங்க. ஒரு பக்கம் கத்தியால வெட்டின மாதிரி சுத்தமா இருக்கும், எதிர்ப்பக்கம் பிசிறு பிசிறா இருக்கும். பிசிறு இருக்குற பக்கம் பாத்துதான் புல் வளருது. அந்தத் திசையில பட் பண்ணா ஓட்டம் கூட, எதிர்த்து பட் பண்ணா குறைச்சல்.

மண்ணு மெத்துன்னு இருக்குறதால பந்து விழுந்த இடத்துல குழிவு விழும். பிட்ச் மார்க். இத சரி பண்றதுல நிறைய பேர் ஒரே தப்பு பண்றாங்க. ஃபோர்க்கக் குத்தி, அடியிலேர்ந்து மண்ண நெம்பி மேல தூக்குறாங்க. அப்படித் தூக்கினா வேர் அறுந்து அந்த இடமே காஞ்சு போயிடும். விளிம்புல குத்துங்க, புல்ல நடுவப் பாத்துத் தள்ளுங்க, சுத்தி நாலஞ்சு தடவ. அப்புறம் பட்டரால மெதுவா அழுத்தினா போதும். ரெண்டு மூணு ஆள் பாத்துக்குற கோர்ஸ்ல நம்ம மார்க்க நாமதான் மூடணும்.

ஃபேர்வேல பந்து தன்னோட குழிவுலயே பாதி புதைஞ்சு, கொஞ்சமாவது தரைமட்டத்துக்குக் கீழ இருந்தா, அபராதம் கிடையாது. எடுத்துத் துடைச்சு, அதுக்கு நேர் பின்னாடிலேர்ந்து ஒரு கிளப் நீளத்துக்குள்ள, ஹோலுக்குக் கிட்ட போகாம, முழங்கால் உயரத்துலேர்ந்து விடலாம். ஓடாம நின்னுட்டிருந்த பந்தக் குரங்கு வந்து தூக்கிட்டுப் போனா இருந்த இடத்துலயே வேற பந்து வைக்கலாம். ஆனா அது தூக்கினது கண்ணால பாத்திருக்கணும், இல்லாட்டி ஏறக்குறைய நிச்சயமா தெரியணும். சும்மா குரங்கு மேல பழி போட்டா தொலைஞ்ச பந்துக் கணக்குதான். தேட மூணே நிமிஷம். காட்டுக்குள்ள இறங்கித் தேடாதீங்க, அட்டை இருக்கும், பாம்பும் இருக்கும்.

பை விஷயத்துக்கு வர்றேன். தோள்ல தூக்கி ஏத்தத்துல நடக்கணும், 14 கிளப் எதுக்கு? ஒரு ஹைப்ரிட், அயர்ன்ல அஞ்சு, ஏழு, ஒன்பது, பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். ஏழு போதும். டிரைவர வீட்ல வைங்க, குறுகலான ஃபேர்வேல அது பந்த காட்டுக்குத்தான் அனுப்பும். சாண்ட் வெட்ஜோட பவுன்ஸ், அதாவது அடிப்பக்கச் சாய்வு, 12 டிகிரி இருந்தா நல்லது. நாலஞ்சு டிகிரி கிளப் ஈர மண்ணுல புதைஞ்சுக்கும். அந்த உயரத்துல காத்து லேசு, கணக்குப்படி பந்து நூத்துக்கு நாலஞ்சு கூடப் போகும். 130 மீட்டர் போற கிளப் 136 போகணும். ஆனா காலைல குளிரு அதுல கொஞ்சத்த எடுத்துக்கும், ஈரத்துல உருண்டோட்டமும் இருக்காது. மதியம் வெயில் ஏறினதும் தூரத்தத் திரும்பக் கணக்குப் போடுங்க.

பதினெட்டு ஆடணும்னா ரெண்டு சுத்து. பல இடத்துல ரெண்டாவது சுத்துக்கு டீ (முதல் அடி அடிக்கிற இடம்) வேற இருக்கும், மார்க்கர் கலரப் பாருங்க. முதல் தடவ நேரா தெரிஞ்ச கிரீன் இப்ப மரத்துக்குப் பின்னாடி இருக்கும், அதே ஹோலுக்கு வேற கிளப் எடுப்பீங்க. ஒரே சுத்தோட நிறுத்தினாலும் வீண் இல்ல. கோர்ஸுக்கு ரேட்டிங் (கஷ்ட அளவு) இருந்தா, 2024லேர்ந்து ஒன்பது ஹோல் ஸ்கோரே உடனே ஹேண்டிகேப் (உங்க ஆட்டத் திறன் எண்) கணக்குல ஏறிடுது. மிச்ச ஒன்பதுக்கு உங்ககிட்ட எதிர்பாக்குற ஸ்கோரச் சேத்துக்குறாங்க.

ஆள் இல்லாத இடத்துல பணம் உண்டியல்ல போட்டுட்டுப் போகணும். ஸ்காட்லாந்து ஹாரிஸ் தீவு கோர்ஸ்ல இன்னைக்கும் அப்படித்தான். இங்கிலாந்து கோல்ஃப் சாம்பியன் நிக் ஃபால்டோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அஞ்சு பவுண்ட் நோட்ட ஃப்ரேம் போட்டு, அதுக்கே ஒரு போட்டி வைக்கிறாங்க. நம்பி விட்டிருக்காங்க, நாமளும் அப்படி நடந்துக்கணும்னு எனக்கு இதுல ரொம்பப் பிடிப்பு. சில்லறை ரிங்கிட் கையில வச்சுக்கோங்க. அடிக்கிற இடத்துலேர்ந்து கிரீன் தெரியாத ஹோல்ல மணி தொங்கினா, கிரீன விட்டு வெளிய வந்ததும் அடிங்க. அதக் கேட்டுத்தான் பின்னாடி வர்றவங்க அடிப்பாங்க. ஒரு ஃபேர்வே இன்னொன்ன வெட்டிக்கிட்டுப் போச்சுன்னா, பந்து அந்தப் பக்கம் திரும்பின நொடியே “ஃபோர்!”ன்னு, அதாவது பந்து வருது பாருங்கன்னு, கத்திடுங்க.

கடைசியா மின்னல். நம்ம ஊர்ல சைரன் ஊதும், நாம பேசாம ஷெல்டருக்குப் போயிடுவோம். அங்க சைரன் இருக்கும்னு நம்பாதீங்க. மின்னல் வெட்டினதும் எண்ண ஆரம்பிங்க. 30 செகண்டுக்குள்ள இடி கேட்டா 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கு. ஆட்டத்த நிறுத்த யார்கிட்டயும் கேக்க வேணாம், விதியே அனுமதிக்குது. பந்த மார்க் பண்ணி எடுத்துட்டு காருக்குள்ள, இல்லாட்டி சுவர் வச்ச கட்டடத்துக்குள்ள போங்க. மரத்தடியும் வேணாம், நாலு கால் நட்ட கொட்டகையும் வேணாம். கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம். நடுவுல இன்னொன்னு கேட்டா மறுபடி முதல்லேர்ந்து எண்ணணும்.