கல் சட்டியில் காகிதப் பூ

நேயர்களுக்கு வணக்கம். கிராமத்து வீடு மாதிரி எளிமையாக, ஆனால் இந்தக் காலத்துக்கும் ஒத்து வருகிற மாதிரி வீட்டை அமைத்துக்கொள்ள இப்போது பலருக்கும் ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் கடைக்குப் போனால், புது மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பழசாக்கி, அதற்குக் கூடுதல் விலையும் வைத்திருக்கிறார்கள். நாலு வருஷம் புழங்கினால் மரம் தானாகவே பழசாகிவிடாதா?

நான் போகிற இடமெல்லாம் சொல்வது இதுதான்: வாங்குகிற பொருள் புழக்கத்தில் இருக்க வேண்டும்.

நண்பர் ஒருவர் தோட்டத்தில் ஓட்டு வீடு கட்டினார். கூடத்தில் பெரிய கல் சட்டி, அதில் காகிதப் பூ! ஊரிலிருந்து வந்த அவருடைய அம்மா, "சட்டியில என்னடா பூ?" என்று கேட்டார். கேட்ட கையோடு பூவை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டார். அப்புறம் விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து, சட்டியின் உள்ளும் புறமும் பூசினார். சில நாள் ஊறியதும் கழுவிவிட்டு, தினமும் சோறு வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றி வைத்தார். நண்பர் பொறுமையிழந்து, "அடுப்புல வச்சாத்தான் என்னம்மா?" என்றார். அம்மா அசையவில்லை. அது மாக்கல், மென்மையான கல். பழக்காமல் பெருந்தீயில் ஏற்றினால் விரிசல் விட்டுவிடும். வெளிறிக் கிடந்த சட்டி எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்தது. கடைசியில் ஒரு நாள் அதில் வத்தக்குழம்பு வைத்தார். இறக்கி வைத்த பிறகும் குழம்பு தளதளவென்று கொதிக்கிறது! கல் சூட்டை லேசில் விடாது. குழம்பு முழுக்க வற்றுவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிட வேண்டும். இன்றைக்கு அந்த வீட்டில் என் கண்ணுக்கு அழகாகப் படுவது அந்தச் சட்டிதான். பூ என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

சரி, தரைக்கு வருவோம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிறார்களே, அதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் துண்டின் மேல் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதோடு சரி. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகத்தில் வந்து உட்காருகிறது. காலடி பட்டுப் பட்டு மெருகேறும். ஆனால் ஆசிட் ஊற்றிக் கழுவினால் போச்சு.

அதே காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில், பிரித்துப்போட்ட வீடுகளின் தூண், கதவு, நிலை எல்லாம் விலைக்குக் கிடைக்கும். சிலர் சித்திர வேலைப்பாட்டுக் கதவைப் படுக்கவைத்துச் சாப்பாட்டு மேசையாக்குகிறார்கள். பார்க்க ஜோர்தான். வேலைப்பாட்டுக்குள் புகுந்த சாம்பாரை யார் துடைப்பது? வேலைப்பாடு இல்லாத வெறும் பலகையாகப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், புழங்க வேண்டும்.

அடுத்து பாய். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடைப் பாயைக் கல்யாணத்தில் பார்த்திருப்பீர்கள், மணமக்கள் பெயரையே நெய்து கொடுப்பார்கள். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்கள் உண்டு. வேண்டாம், விரித்துப் படுங்கள். கோரைக்கு ஈரம்தான் எதிரி. நனைந்தால் நிழலில் உலர்த்திச் சுருட்டி வையுங்கள், மடிக்காதீர்கள்.

ஊஞ்சல், பவானி ஜமக்காளம், பித்தளை விளக்கு என்று இன்னும் நிறைய எழுதிக் கொண்டுவந்திருந்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறதாம். ஊஞ்சலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: பலகை பார்க்கப் போவதற்கு முன்னால் கொத்தனாரைக் கூப்பிட்டு, கொக்கியைக் கூரையில் எங்கே பதிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.