கோணல் கூடத்தில் ஆடியவர்

விழாத் தலைவர் அவர்களே, படத்தைத் திறந்துவைத்த நகராட்சி உறுப்பினர் அம்மா அவர்களே, ராக் இசைக்காரருக்கான விழா என்று தெரிந்தும் பொன்னாடையோடு வந்திருக்கும் வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, இடம் தந்த நூலகர் ஐயா, முன்வரிசையில் கிடார் பையை அணைத்தபடி இருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1942இல் சியாட்டிலில் பிறந்தவர். 1970 செப்டம்பர் 18 அன்று லண்டனில், 27 வயதில் மறைந்தார். அவருடைய கிடார், காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல்கள், பாட்டு வரிகள் என்று மூன்றையும் பேசலாம் என வந்தேன்.

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பார்கள். ஹெண்ட்ரிக்ஸுக்குக் கூடம் நிஜமாகவே கோணல். வலக்கைக்காரருக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் மின்கிடாரை இடக்கைக்காரரான அவர் கவிழ்த்துப் பிடித்து, தந்திகளை வரிசை மாற்றிக் கட்டினார். வால்யூம் குமிழ் மேலே வந்து கையில் இடிக்கும். விரல் எட்டுவதற்காக உடலில் விட்ட ஆழமான வெட்டு மேற்பக்கம் போய்விடுவதால், கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளில் கடைசியானவை எட்டுவது கடினம். ஆனால் உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப் சாய்வானது. கவிழ்த்ததும் அதன் சாய்வு மாறி, தடித்த தந்திகள் கணீரென்றும் மெல்லியவை உருண்டையாகவும் ஒலித்தன. அந்த நாதத்தில் பாதி இந்தக் கோணலின் கொடை.

1967 ஜூன் 4, லண்டன் சவில் தியேட்டரில் ஹெண்ட்ரிக்ஸ் கச்சேரி. கூட்டத்தில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் மக்கார்ட்னியும் ஹாரிசனும். அவர்களுடைய ‘சார்ஜென்ட் பெப்பர்’ இசைத்தட்டு வந்து சில நாள்தான் ஆகிறது. மனிதர் அதன் தலைப்புப் பாட்டிலேயே ஆரம்பித்தார்! பாட்டுக்குச் சொந்தக்காரர்களே எதிரில். தந்திகளைத் தளர்த்திச் சுரத்தை நெளிக்கும் டிரெமலோ கம்பியை அமுக்கு அமுக்கென்று அமுக்கியதில் சுருதி போய்விட்டது. உடனே, எரிக் இருக்கிறாரா, வந்து சுருதி சேர்த்துத் தாருங்கள் என்று மேடையிலிருந்தே கேட்டாராம். கூட்டத்தில் இருந்த இன்னொரு பெரிய கிடார்க்காரர் எரிக் கிளாப்டன் எழுந்து வரவில்லையாம். மக்கார்ட்னி பல மேடைகளில் சொன்ன கதை இது. வந்திருந்தாலும் அந்தத் தலைகீழ்க் கிடாரில் எந்தச் சாவி எங்கே என்று தேடியிருப்பார்!

சுருதி ஏன் போகிறது? கம்பியை விட்டதும் தந்தி பழைய இடத்துக்குத் திரும்பாமல், கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைப் பள்ளங்களில் தாங்கும் ‘நட்’ என்ற துண்டில் சிக்குவது ஒரு காரணம். ஆகவே இடக்கைப் பிள்ளைக்குக் கிடாரைத் திருப்பும் பெற்றோரே, தந்திகளின் வரிசையை மட்டும் மாற்றினால் போதாது. தடித்த ஆறாம் தந்தி முதல் தந்தியின் குறுகிய பள்ளத்தில் உட்காராது. முதல் தந்தி அகலப் பள்ளத்தில் கிடுகிடுக்கும். நட்டைப் புதிதாக வெட்டுங்கள். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சேடில்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒன்றாகும்வரை பாருங்கள். தோள்பட்டை வார் மாட்டும் குமிழை இடம் மாற்றும்போது முதலில் சிறு துளை போடுங்கள். இல்லாவிட்டால் மரம் பிளக்கும். மின்சாரம் இல்லாத அக்கூஸ்டிக் கிடாரில் இந்த வித்தை பலிக்காது: அதன் சேடிலே சாய்த்துப் பதித்தது, உள்ளே தாங்கு கட்டைகளும் ஒருபக்கச் சார்பு.

‘கூடம் கோணல்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் ஆடத் தெரியவில்லை என்று சிரிக்காதீர்கள். வலக்கைக்கு மாற்று என்று அதட்டாதீர்கள். செயலாளர் அவர்களே, பொன்னாடைச் செலவோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நூலக இசை வகுப்புக்கு ஓர் இடக்கைக் கிடார் வாங்கலாம்.

மணி அடித்துவிட்டார்கள். பெடல்களும் பாட்டு வரிகளும் பேசாமல் அப்படியே நிற்கின்றன. செயலாளர் தலையசைத்ததை எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா?