தடைக்காலம் எத்தனை நாள்?

(பாம்பனில் பெற்றோர், மாணவர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எத்தனை நாள் என்று கேட்டால் இந்தக் கரையில் சின்னப் பிள்ளைகூட 61 என்று சொல்லிவிடும். அதே பிள்ளையைத் தாளில் போட்டுக் காட்டச் சொன்னால் 60 வருகிறது. வகுப்பறையில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஏப்ரலில் 30-இல் 15 போனால் 15, மே 31, ஜூன் 14. மொத்தம் 60. கழித்தலிலும் பிழை இல்லை, கூட்டலிலும் பிழை இல்லை. பிறகு ஒரு நாள் எங்கே போனது? பெரிய எண்ணில் தேடினால் கிடைக்காது. சிறிய எண்ணுக்கு வாருங்கள். 15-ஆம் தேதி முதல் 17-ஆம் தேதி வரை எத்தனை நாள்? விரல்விட்டு எண்ணுங்கள், மூன்று. கழித்தால் இரண்டுதான். 15-ஐக் கழிக்கும்போது 15-ஆம் தேதியும் சேர்ந்து போய்விடுகிறது. ஆனால் அன்றைக்கும் படகு கரையில்தானே நிற்கிறது! கழிக்க வேண்டியது தடைக்கு முந்தைய 14 நாள்களை. 30 − 14 = 16. பிறகு 16 + 31 + 14 = 61. முன்பு தடைக்காலம் மே 29 வரைதான் இருந்தது. அதையும் இதே வழியில் போட்டுப் பாருங்கள். 16 + 29 = 45. பெரியவர்களுக்கு அந்த 45 நாள் நினைவிருக்கும்.

அடுத்தது பங்குக் கணக்கு. பங்கு முறை ஊருக்கு ஊர் மாறும், எனவே ஓர் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மீன் விற்ற பணம் 24,000 ரூபாய். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு 9,000. மீதியில் பாதி படகுக்கு, பாதி ஆட்களுக்கு. ஆட்கள் ஐந்து பேர். ஒருவருக்கு எவ்வளவு?

பிள்ளைகள் இப்படி எழுதுகிறார்கள்: 24,000 − 9,000 = 15,000 ÷ 2 = 7,500 ÷ 5 = 1,500. விடை சரி. ஆனால் அந்த வரியை நான் ஏற்கமாட்டேன். சமக்குறி ஒரு தராசு. இரண்டு தட்டிலும் ஒரே எடை இருக்க வேண்டும். இடத்தட்டில் 15,000, வலத்தட்டில் 15,000-இல் பாதி என்றால் மீன் வாங்க வந்தவர் சும்மா இருப்பாரா? வரிக்கு ஒரு செயல் எழுதுங்கள், பக்கத்தில் அது என்ன என்றும் எழுதுங்கள்.

24,000 − 9,000 = 15,000. செலவு போக மீதி.
15,000 ÷ 2 = 7,500. ஆட்களின் பாதி.
7,500 ÷ 5 = 1,500. ஒருவர் பங்கு.

அந்தச் சொற்கள் எதற்கு என்று கேட்கிறீர்களா? ஒரு மாணவன் முதலில் 24,000-ஐப் பாதியாக்கி, 12,000-இல் செலவு முழுவதையும் கழித்து, மிச்சம் 3,000-ஐ ஐந்தால் வகுத்து 600 என்று எழுதினான். அவன் வரிக்கு வரி பெயர் எழுதியிருந்தால், படகின் பாதியில் செலவு விழவில்லை என்பது அவன் கண்ணிலேயே பட்டிருக்கும். கரையில் யாராவது இப்படிப் பிரித்தால் ஓர் ஆளுக்கு 900 ரூபாய் போய்விடும். படிகளை எழுதுவது மதிப்பெண்ணுக்காக என்று மட்டும் சொல்லிக்கொடுக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ரயில் பாலக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1914-இல் திறந்த நம் பழைய பாலத்தின் நீளத்தை 2,060 மீட்டர் என்று கொள்வோம். ரயிலின் நீளம் 340 மீட்டர், வேகம் நொடிக்கு 10 மீட்டர். ரயில் பாலத்தை முழுவதும் கடக்க எவ்வளவு நேரம்? பாதிப் பேர் 206 நொடி என்கிறார்கள். அந்த நொடியில் இன்ஜின் அக்கரையைத் தொட்டிருக்கும், கடைசிப் பெட்டியோ இன்னும் கடலுக்கு மேலே! அதுவும் கரையேற வேண்டும். 2,060 + 340 = 2,400 மீட்டர். 240 நொடி, அதாவது 4 நிமிடம். கடற்கரையில் நின்று பார்த்த பிள்ளைக்கு இதைச் சூத்திரமாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

பேசத் தொடங்குமுன் ஒரு தாய் என்னிடம், "ஐயா, எனக்கே கணக்குத் தெரியாது. வீட்டில் நான் என்ன சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்டார். அம்மா, நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பிள்ளை எழுதிய ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "இது எதை எண்ணிய எண்?" என்று கேளுங்கள். பதில் வராத வரியில் பிள்ளையை நிறுத்துங்கள். அந்த வரியிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்.