வெடிச்ச நட்சத்திரத்துல கரி பிடிக்கிறது எப்படி?

(காட்சி: புகைமூட்டத்தில் மங்கிய அடுக்குமாடிகள். மேசைத் தூசில் ஒரு விரல்.)

வணக்கம். புகைமூட்ட நாள்ல ஜன்னலைச் சாத்த மறந்துட்டா, சாயங்காலம் மேசை மேல விரலால பேரே எழுதலாம். சுமத்ராவுல எரிஞ்சது நம்ம புளோக் பத்தாவது மாடியில வந்து உட்கார்ந்திருக்கும். விண்வெளித் தூசும் அப்படித்தான். பெருக்கி அள்ளுற மண் இல்ல, சாம்பிராணிப் புகை மாதிரி. பெரும்பாலான துகள் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குக்கும், சின்னது.

வெடிப்பு நட்சத்திரத்தை அரைச்சுத் தூளாக்குதுன்னு நினைச்சா, அது தப்பு. கண்மை கூட்டுறதைப் பார்த்திருக்கீங்களா? கரி படியறது சுடர்ல இல்ல. மேல கவுத்த தட்டுல, சூடு ஆறுற இடத்துல.

(காட்சி: பெரிய மெகல்லன் மேகம், நமக்குப் பக்கத்து விண்மீன் மண்டலம்.)

1987 பிப்ரவரி. சிலியில வானியலாளர் இயன் ஷெல்டன் எடுத்த படத்துல புதுசா ஒரு வெளிச்சப் புள்ளி. சுமார் 1,68,000 ஒளியாண்டு தூரத்துல ஒரு பெரிய நட்சத்திரம் வெடிச்சிருந்தது. சிங்கப்பூர்லேர்ந்து அந்த இடம் தெற்கே, அடிவானத்துக்கு மேல 20 டிகிரிக்குள்ள வரும். டிசம்பர் நள்ளிரவுக்கு மேல தேடலாம். மழைக்கால மேகம் வழிவிட்டா!

முதல்ல வாயு கொதிச்சுக்கிட்டு இருந்தது; எதுவும் எதோடயும் ஒட்டாது. அது விரிய விரிய ஆறிச்சு. நட்சத்திரத்துக்குள்ள சமைஞ்ச கார்பன், சிலிக்கன், ஆக்சிஜன் எல்லாம் ஒட்டிக்கிட்டுத் துகளாச்சு. ஏறக்குறைய 500 நாள் கழிச்சுத் தடயம் கிடைச்சது: சிதறின வாயு மேகத்தோட பின்பக்கத்துலேர்ந்து வந்த வெளிச்சம் மட்டும் மங்கிப்போச்சு. நடுவுல ஏதோ திரை போட்டிருக்கு! எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச துப்பு இதுதான்.

ஆனா எவ்வளவு தூசு? முதல் கணக்குல சூரியனோட எடையில ஆயிரத்துல ஒரு பங்குகூட தேறல. 2011-ல வெளியான ஹெர்ஷல் விண்தொலைநோக்கிக் கணக்குல, சூரியனோட எடையில ஏறக்குறைய பாதி! அதாவது, 1,60,000 பூமிக்கு மேல. தூசு கிட்டத்தட்ட மைனஸ் 250 டிகிரி குளிர்ல கிடந்தது. வெதுவெதுப்பான தூசை மட்டும் பார்க்கிற பழைய கருவிக்கு அது சிக்கவே இல்ல. அப்புறம் சிலியில இருக்கிற அல்மா தொலைநோக்கிகள், அந்தத் தூசு நட்சத்திரம் சிதறின வாயுவோட நடுவுலயே இருக்குன்னு காட்டிச்சு. வெளியிலேர்ந்து வாரிக்கிட்டது இல்ல, அங்கேயே பிறந்தது.

(காட்சி: கறுத்த விண்கல் துண்டு.)

எல்லாம் பிழைக்காது. திரும்பி உள்ளே பாயுற அதிர்ச்சி அலை நிறைய துகளை உடைச்சுடும். தப்பிச்சதும் உண்டு. 1969-ல ஆஸ்திரேலியாவோட மர்ச்சிசன்ல விழுந்த விண்கல்லுக்குள்ள, சூரியனைவிட வயசான சிலிக்கன் கார்பைடு துகள்கள் கிடைச்சிருக்கு. சிலதுல டைட்டானியம்-44ங்கிற கதிரியக்கப் பொருள் சிதைஞ்சு உண்டான கால்சியம். அந்த டைட்டானியம் உருவாகிறது நட்சத்திர வெடிப்புல. அந்தத் துகள்கள் இப்போ ஆய்வகத்துல, மைக்ராஸ்கோப்புக்கு அடியில இருக்கு.